கவனப் பொட்டு

நெற்றியில் கவனப் பொட்டு ஒட்டுவது வழக்கமான பிறகு, வெறும் "ம்" கொட்டி யாரும் தப்ப முடியவில்லை. காது கொடுத்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

"நாளைக்கு நம்ம கல்யாண நாளுங்க" என்றாள் செண்பகம். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவன் திருமாறனின் நெற்றியில் சிவப்பு. போன வருடமும் இதே சிவப்புதான்.

அவள் சமையலறைக்குப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாத."

கூடத்தில் பொட்டு பச்சையாகப் பளிச்சிட்டது. டிவியின் சத்தமும் குறைந்தது.

"நாளைக்குக் கல்யாண நாள். சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அவர் மறந்திருப்பாரு."

"யாரு மறந்தது? இந்தா, இப்பவே டிக்கெட் போடுறேன்!"

காலையிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிருந்த போனைச் செண்பகம் சிரித்துக்கொண்டே சார்ஜரில் செருகினாள்.