வேலிக்குக் கீழே

மோட்டர் இருமியது. நின்றுவிட்டது.

கயிற்றைப் பிடித்தபடி அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

வற்ற இறைத்த கிணறு. அடியில், சுண்ணாம்புக் கல்லில், ஆள் தவழக்கூடிய ஒரு பொந்து. ஊற்றை அடைத்த சேற்றை வழிக்க, இடுப்பில் கயிற்றோடு அவள் புருஷன் அதற்குள் போயிருந்தார். வருடா வருடம் போகிறவர்தான்.

இப்போது பொந்தின் வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ!"

கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள்.

சனியன் பிடித்த மோட்டர். ஒற்றைக் கையால் அதைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். உதைத்தாள். அசையவில்லை.

காலையில் இறைக்கத் தொடங்குமுன், வழக்கம்போல், குங்குமம் தடவிய எலுமிச்சந் தேசிக்காய் ஒன்றைக் கிணற்றில் போட்டிருந்தாள். தண்ணீர் வற்றியும் அது கண்ணில் படவில்லை. அப்போதே அபசகுனம் என்று பட்டது. அதை அவரிடம் சொல்லாமலே இறங்க விட்டாள்.

இந்த நிலம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம். கிணற்றுச் சுவரில் இன்னும் சிப்பி தெரியும். போன கடல் திரும்பி வருகிறதோ என்று தோன்றியது.

பொந்தைத் தண்ணீர் மூடிவிட்டது.

அம்மாளாச்சி, தாயே!

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காணி அண்ணையின் கிணறு. அவர் தோட்டத்துக்கு இறைத்தால் இவள் கிணறு இறங்கும். சண்டையே அதில்தான் தொடங்கியது. உன்ரை கிணத்துக்கும் என்ரை கிணத்துக்கும் ஒரு தொடுப்பும் இல்லை என்று கோயில் வாசலில் சத்தியம் பண்ணியவர். செத்தாலும் அந்த முகத்தில் விழிக்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் இவள்.

"அண்ணை! இவர் கிணத்துக்கை! மோட்டரைப் போடுங்கோ!"

இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

பிறகு, வேலிக்கு அப்பால், ஒரு மோட்டர் உறுமியது.

கையில் கயிறு சட்டென்று இழுபட்டது. உயிர் இருக்கிறது! பலமெல்லாம் திரட்டித் தன் பக்கம் இழுத்தாள்.

கயிறு வரவில்லை. எதிர்ப்பக்கம் இழுத்தது.

"இழுக்காதை, தங்கச்சி!"

அண்ணையின் குரல். அவர் தன் கிணற்றுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

"உன்ரை தேசிக்காய் இஞ்ச வந்திட்டுது. பாதை இருக்கு. அவரும் இஞ்சால வரட்டும், கயித்தை விடு!"

விடுவதா? இந்த மனுஷனை நம்பியா?

கயிறு மறுபடி துடித்தது. இந்த முறை மெல்ல.

விரல்களைத் திறந்தாள்.

கயிற்றின் நுனி கல்லில் உரசிக்கொண்டு இறங்கி, தண்ணீருக்குள் மறைந்து, வேலிப் பக்கமாக ஓடியது.

வேலியைப் பிய்த்துக்கொண்டு அவளும் ஓடினாள்.