அடுத்த பக்கம்

"பேஷண்ட் உள்ள வந்தாச்சு, டாக்டர்" என்றான் சோடாபுட்டி.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். "என்ன கம்ப்ளெயின்ட்?"

"நெஞ்சு இறுக்கமா இருக்காம். இடது கையும் வலிக்குதாம்."

"அப்படிப் போடு!" டாக்டர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

நல்ல டாக்டர்தான் போங்கள்! டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாடை ஏறிய மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிறவன். மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. 'டாக்டர் சொல்கிறார்' என்ற வலைத்தளம் அவனுடையது, அவ்வளவுதான். அதன் முகப்பில் சிரிக்கிற வெள்ளைக்கோட்டுக்காரரின் படம் இணையத்தில் இலவசமாக எடுத்தது. அதைப் போட்ட அன்றிலிருந்து கூட்டாளி சோடாபுட்டிக்கு அவன் 'டாக்டர்' ஆகிவிட்டான். வீட்டில் மட்டும் ஏதோ கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தான்.

ஆரம்பத்தில் வேறு பெயரில் சமையல் குறிப்புதான் போட்டான். தளம் ஈ ஓட்டியது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு ஏற்ற விளம்பரம்தான் வந்து உட்காரும் என்பது பிறகுதான் புரிந்தது. சமையலுக்கு மிக்ஸி விளம்பரம் வரும், சில்லறை கிடைக்கும். மாரடைப்புக்கு ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸும் போட்டி போட்டுக்கொண்டு வரும், நோட்டாகவே கிடைக்கும். அன்றே அடுப்பை அணைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

அதிலும் ஒரு சூட்சுமம் செய்தான். ஒரே கட்டுரையைப் பத்துத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் வைத்தான். படிக்கிறவர் அழுத்த அழுத்தப் புதுப்புது விளம்பரம் வரும், இவனுக்கும் காசு வரும். பழைய போனை வீட்டில் தள்ளிவிட்டு இவன் வாங்கிய புது போன்கூட அப்படி வந்ததுதான்.

திரையில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது. இந்த நிமிஷம் தளத்தைப் படித்துக்கொண்டிருக்கிற ஆள் அது. என்ன வலி என்று தேடி உள்ளே வந்தார் என்பதும் பக்கத்திலேயே தெரியும்.

"நம்ம ஊர்தான்" என்றான் சோடாபுட்டி. "நேத்தும் வந்திருக்கார். மூணாம் பக்கம்... இதோ, நாலு. ஏதோ பழைய போன் போலிருக்கு, பக்கமெல்லாம் தவழ்ந்து தவழ்ந்து வருது."

"விடாம வர்றாரே! நம்ம ரசிகர்டா."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கு ஒரு மாதிரியா இருக்குடா. 'உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க'ன்னு பத்தாம் பக்கத்துல போட்டிருக்கோமே, அதை முதல் பக்கத்துக்கு மாத்திடலாமா?"

"கூறு கெட்டவனே! முதல் பக்கத்துலயே அதைச் சொல்லிட்டா ரெண்டாம் பக்கத்துக்கு எவன் வருவான்?"

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"நிஜமாவே வலிக்கிறவன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். இங்க உக்காந்து படிச்சுக்கிட்டா இருப்பான்? இது பொழுது போகாத ஆளு."

புள்ளி ஆறுக்குப் போனது. ஏழுக்குப் போக இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அழுத்துகிற விரல் நடுங்குகிறதோ என்று சோடாபுட்டிக்குத் தோன்றியது.

"இவ்வளவு தூரம் எவனும் வந்ததில்லை" என்று டாக்டர் துள்ளினான். "எட்டாம் பக்கத்துல ஒரு வீடியோ விளம்பரத்தைச் சொருகு, சீக்கிரம்!"

"பழைய போன்டா. தாங்காது. திறக்காமலே சுத்தும்."

"சுத்தட்டும். சொருகுடா!"

சோடாபுட்டி சொருகினான். கூட்டாளி என்றாலும் கம்ப்யூட்டர்கள் டாக்டருடையவை, வாடகையும் டாக்டருடையது.

புள்ளி எட்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் திடீரென்று நின்றுபோனது. "இன்னும் ரெண்டே பக்கம்... போங்க, போங்க" என்று சோடாபுட்டி முணுமுணுத்தான். அவன் வேண்டிக்கொண்டது காசுக்காக இல்லை. பத்தாம் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரே ஒரு வரிக்காக.

புள்ளி அணைந்தது.

"என்னடா ஆச்சு?" என்றான் டாக்டர்.

"போயிட்டார்."

"சே! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே" என்று டாக்டர் மேசையைத் தட்டினான். தட்டின வேகத்தில் புது போன் அதிர்ந்ததாக நினைத்தான். இல்லை, யாரோ கூப்பிடுகிறார்கள். 'அப்பா' என்று காட்டியது.

"வேலையா இருக்கேன்ப்பா, அப்புறமா..."

"நான்தாங்க." மனைவியின் குரல். மூச்சு வாங்கியது. "மாமா கையிலேர்ந்து போனைப் பிடுங்கிப் பேசறேன். பேச்சு மூச்சில்லாம கிடக்கறாருங்க. நேத்திலேர்ந்தே நெஞ்சைத் தடவிக்கிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கவே இல்லை."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஏன்... ஏன் வரலைன்னாரு?"

"'இரும்மா, டாக்டர் கடைசிப் பக்கத்துல என்ன சொல்றார்னு பாத்துட்டு வரேன்'னாருங்க."