சத்தம் போடாத கார்

அடி அண்ணாமலை தாண்டியதும், பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் அந்த ஹைப்ரிட் காரின் இன்ஜின் தானாக அணைந்தது.

வண்டியைப் பழுது பார்த்த கீதாஞ்சலிதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். இனி வண்டியை இழுக்கவேண்டியது பேட்டரி மட்டும்தான்.

பக்கத்தில் டாக்சிக்காரர் பரசுராமன், டேஷ்போர்டில் பேட்டரிக் கோளாறுக்கான மஞ்சள் விளக்கு எரியும் இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். அது எரிந்தால் கதை முடிந்தது. பத்து மணிக்கு புரோக்கர் வருகிறார். வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவதாகப் பேச்சு.

ஊரின் பெரிய மெக்கானிக் கோதண்டராமன் வண்டியைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார். பேட்டரி செத்துப்போச்சு, புதுசு போடு, இல்லன்னா வித்துடு.

கீதாஞ்சலி ஒத்துக்கொள்ளவில்லை.

குளித்துவிட்டு வந்த பக்தர்கள் பின்சீட்டோரம் பேட்டரிக்குக் காற்று போகும் துளையில் ஈரவேட்டியைக் காயப்போட்டபடியே பயணம் செய்திருக்கிறார்கள். சொட்டிய தண்ணீரில், பேட்டரியைக் கண்காணிக்கும் பெட்டிக்குப் போகும் ஒயர் முனை ஒன்று பச்சை பூத்திருந்தது. நாடி பிடிப்பவன் கை மரத்துப்போனால் நல்லா இருக்கிறவனும் பிணம்தான்.

முனையை மாற்றினாள். பழைய பிழைப் பதிவுகளை அழித்தாள். ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி.

பைபாஸில் விரட்டிப் பார்க்கலாமே என்றார் பரசுராமன். கிரிவலப் பாதைதான், அதுவும் திங்கட்கிழமை காலை ஆறரைக்குத்தான் என்று பிடிவாதமாக நின்றாள். ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால்தான் பேட்டரியின் யோக்கியதை தெரியும் என்று காரணமும் சொன்னாள்.

"ஏம்மா, ஓடுதா, நின்னுடுச்சா?" பரசுராமன் கிசுகிசுத்தார்.

ஓடிக்கொண்டிருந்தது. அரை கிலோமீட்டர். ஒன்று. ஒன்றரை.

நடுரோட்டில் படுத்திருந்த ஆடு எழுந்திருக்கவே இல்லை. சுற்றி வளைத்துத்தான் போகவேண்டியிருந்தது. வெறுங்காலில் வலம் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பின்னால் வண்டியே இல்லை.

அவர்களில் ஒரு முதுகு, விறைப்பாக, தோளில் துண்டோடு.

கோதண்டராமன். திங்கள் தவறாமல் மலை சுற்றுகிறவர். ரெண்டு தெரு தள்ளி வரும் வண்டியின் கோளாறைச் சத்தத்திலேயே சொல்லிவிடும் காது அவருக்கு.

கீதாஞ்சலி ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு முழம் இடைவெளியில் அவர் பின்னாலேயே ஊர்ந்தாள். ஐம்பது அடி. நூறு அடி. அந்தக் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க, கொஞ்சம் ஓரமா நடங்க. செத்துப்போன பேட்டரி வருது."

திடுக்கிட்டுத் திரும்பியவரின் பார்வை நேராக டேஷ்போர்டுக்குப் போனது. மஞ்சள் இல்லை. பரசுராமனோ அதற்குள் போனை எடுத்து, புரோக்கரை வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கோதண்டராமன் வலத்தை நிறுத்தவில்லை. ஜன்னலில் கை வைத்தபடி காரோடு சேர்ந்து நடந்தார்.

இந்த வண்டி விவகாரத்தில் சண்டை போட்டு, மூன்று நாளாகப் பெண்டாட்டி கீதாஞ்சலிக்கு முகம் கொடுக்காதவர், வாயைத் திறந்தார்.

"எந்த ஒயரு?"