குழாய் இணைப்பு

"ரெண்டும் பொண்ணு." மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியாரே பதில் சொன்னாள்.

டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். கேள்வியெல்லாம் எதிரே இருந்த இளம்பெண்ணுக்கு. பதிலெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து.

வயது, மாதவிலக்கு, சர்க்கரை உண்டா, சத்துக்குறைவு உண்டா... எதைக் கேட்டாலும் அந்த அம்மாளிடம் பதில் தயார். தையல் மெஷின் மிதிக்கிறேன் என்று தன் தொழிலை மட்டும்தான் மருமகள் தன் வாயால் சொன்னாள்.

கருத்தடை ஆபரேஷன் எப்போது நடந்தது?

"சின்னவ பொறந்த மறுநாளே பண்ணிட்டாங்க. நான்தான் கூட இருந்தேன்."

டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மறுபடி குழந்தை கேட்டு வருவது அவளுக்குப் புதிதல்ல. பெற்றதைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பெண்கள் குத்துக்கல் மாதிரி இருக்க, பேரன் வேண்டுமென்று மருமகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் பொறுமை போய்விடும்.

இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

வழி இரண்டு. கட்டிய குழாயை மறுபடி ஆபரேஷன் செய்து இணைக்கலாம். அது மிச்சக் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. இணைத்தாலும், கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு. இல்லையென்றால் குழாயைத் தொடாமலே முட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி உள்ளே வைக்கும் டெஸ்ட் டியூப் முறை. இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

"எதுல இவ உடம்புக்குக் கஷ்டம் கம்மி?" என்றாள் மாமியார்.

இந்தக் கரிசனத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் டாக்டர். பேனாவை மூடினாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா, அவங்க பேசட்டும். நீ சொல்லும்மா. இன்னொரு குழந்தை உனக்கு வேணுமா? யாருக்காகவும் சொல்லாத."

தையல்காரி சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைப் பிய்த்து உருட்டினாள்.

"எனக்கும் வேணும் டாக்டர்."

அந்த 'உம்' டாக்டரின் காதில் உறுத்தியது.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த எரிச்சல் மாமியார் மேல் திரும்பிவிட்டது.

"இவங்களை மட்டும் சோதிச்சா ஆச்சா? ஆம்பளைக்கும் டெஸ்ட் எடுக்கணும். கத்தி படுறது யார் உடம்புலயோன்னு உங்க பையன் எங்க போய் உட்கார்ந்திருக்காரு? முதல்ல அவரை வரச் சொல்லுங்க."

தையல்காரி சட்டென்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன் தவறி நாலு வருஷமாச்சு டாக்டரம்மா."

வயதையும் சர்க்கரையையும் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னாள். பிறகு மருமகளின் விரல்களை மெல்ல விலக்கி, ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். கதவைத் திறந்து வராந்தாவில் எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, உள்ள வாங்க. டாக்டரம்மா கூப்பிடுறாங்க."