பன்னிரண்டாவது பெயர்

இங்கிலாந்தின் அந்தச் சிற்றூரில், பொதுமண்டபத்து மேசைகளில் பழைய புகைப்படங்களைப் பரப்பி, அவற்றில் இருப்பவர்களின் பெயர்களை முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தாறு வயது வால்டர் கிரிம்வுட் அறுவடைத் திருவிழாப் படத்தின் முன் விறைப்பாக நின்று, பன்னிரண்டு பெண்களில் பதினொருவரைத் தடங்கலின்றிச் சொல்லிவிட்டார்.

“ஊர்ல செத்தவங்க எல்லாரும் உங்க ஞாபகத்துலதான் குடியிருக்காங்க போல!” என்று சிரித்தாள் எழுதிக்கொண்டிருந்த மூரியல். “இந்தக் கடைசிப் பொண்ணு?”

அது அவருடைய அக்கா ஆக்னஸ். கல்யாணமாகாமல் கர்ப்பமானவளை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அவள் பெயரை இனி யாரும் உச்சரிக்கக் கூடாது என்றார். குடும்ப மானத்துக்காக வால்டர் அப்பாவின் அந்தச் சொல்லை எண்பது ஆண்டுகள் காத்துவந்திருந்தார். இப்போது அவரை விட்டால் அவளை அறிந்தவர் இந்த ஊரில் ஒருவருமில்லை.

“யாரோ வெளியூர்க்காரி.”

மூரியல் அப்படியே எழுதினாள். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தாள்.

“அவ இடுப்புல இருக்கற குழந்தை நீங்கதானே, மிஸ்டர் கிரிம்வுட்? இந்தக் காது வேற யாருக்கு உண்டு?”

வால்டர் படத்தின் மேல் குனிந்தார். பன்னிரண்டு பெண்களும் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை மட்டும் ஆக்னஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.