'மாட்டேன்' பொத்தான்

"மறுபடியும் அதே வீடா? அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

மேலாளர் போட்ட சத்தத்தில் மின் கட்டுப்பாட்டு அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அங்கே அவருக்கு 'ஐம்பது சார்' என்று பட்டப்பெயர். லைனில் ஓடும் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி ஐம்பது ஹெர்ட்ஸைவிட்டு இம்மி இறங்கினாலும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது.

சாயங்காலம். ஊரே ஒரே நேரத்தில் அடுப்பையும் ஹீட்டரையும் போட, ஃப்ரீக்வென்சி சறுக்கியது. அந்த மாதிரி நேரத்தில் வீடுகளில் மாட்டியிருக்கும் பேட்டரிகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் மின்சாரம் வாங்கி முட்டுக்கொடுப்பார்கள். திரையில் வீடெல்லாம் பெயரில்லாமல், வெறும் எண் போட்ட பச்சைப் புள்ளிகளாகச் சம்மதம் சொல்லின. ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பு.

'மாட்டேன்' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தினால், போன் போட்டுக் காரணம் கேட்க வேண்டும் என்பது விதி.

"கேளும்மா! இன்னிக்கு ஒருத்தன் மாட்டேன்னா, நாளைக்கு ஊரே மாட்டேங்கும். இனி இப்படிப் பண்ணினா பேட்டரித் திட்டத்திலிருந்தே தூக்கிடுவோம்னு சொல்லு!"

ஆபரேட்டர் பெண் போன் போட்டாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாகிவிட்டது.

"வந்துட்டியா கண்ணு! சாப்பிட்டியா?"

"ஐயா, தினமும் ஏன் இப்படிப் பண்றீங்க? உங்க பேட்டரி நிறைஞ்சு கிடக்கு. வீட்டுல அப்படி என்னதான் ஓடுது?"

"ஒரே ஒரு லைட்டு. இருக்கிற ஒரு ஆளுக்கு அதுவே ஜாஸ்தி."

பெரியவர் சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னவாம் அந்த மகாராஜாவுக்கு?" பின்னாலிருந்து ஐம்பது சார். "பேட்டரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கட்டும்! அடுத்தவன் கஷ்டம் தெரியாத ஜென்மம்!"

அவள் பதறிப்போய் போனைக் கையால் பொத்தினாள்.

"கையை எடும்மா. சரியாக் கேக்கல."

"அவர் உங்களைத்தான் திட்டுறார், ஐயா."

"திட்டட்டுமே."

"திட்டத்திலிருந்தே எடுத்துடுவாராம். அப்புறம் இங்கிருந்து யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

 அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்படியெல்லாம் செஞ்சுடாதீங்கம்மா. இந்தா, சரின்னு அழுத்திட்டேன். உள்ளதையெல்லாம் வழிச்சு எடுத்துக்கோங்க."

திரையில் சிவப்பு, பச்சையானது. ஐம்பது சார் வெற்றி வீரர் மாதிரி மேசையைத் தட்டினார். "பார்த்தியா? மிரட்டினாத்தான் வழிக்கு வருவாங்க!"

"ரொம்ப நன்றி, ஐயா. வச்சிடட்டுமா?"

"வச்சிடாதே கண்ணு! போனை அந்த சார் பக்கமாத் திருப்பிப் பிடி. இந்தப் பேட்டரியை மாட்டிட்டுப் போனதுக்கப்புறம் எம்புள்ள எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல. அவன் குரலை இப்படிக் கேட்டாத்தான் உண்டு."