குறைச்சலாக எரியும் விளக்கு

மாலை நாலு நாற்பது.

கடைக்காரர் ஐந்தாவது டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது முந்நூறு மீட்டர் அடிக்கும் மேடம். காட்டுக்குள்ள யானை நின்னா கண்ணு முழிகூடத் தெரியும்."

"இவ்வளவு வேண்டாம்," என்றாள் அவள். "இருக்கறதுலயே குறைச்சலா எரியறது எதுங்க? சிவப்பு வெளிச்சம் வரணும்."

அவர் கை அப்படியே நின்றது. பிரகாசத்தைச் சொல்லியே விற்றுப் பழகியவர்.

டாக்டர் சற்குணம் சிரித்தார். பல் டாக்டர். ஐம்பத்திரண்டு வயதில் விமானம் ஓட்டப் படிக்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

"பிளேனுக்குள்ள பிடிக்கறதுக்குங்க," என்றார் கடைக்காரரிடம். "பளிச்சுனு அடிச்சா கண்ணு கூசிப் போயிரும். அப்புறம் வெளிய இருட்டுல ஒண்ணும் தெரியாது. யானை நின்னாக்கூட."

கடைக்காரர் டார்ச்சைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

இன்று ஏழரைக்கு டாக்டருடைய கடைசி இரவுப் பயிற்சி. இரண்டு பேர் உட்காரும் விமானம். அவர் ஓட்டுவார். தவறினால் பிடிக்க வேண்டியவள் அவள்.

நேற்றும் பறந்தாள். முந்தாநாளும். பகலில் வகுப்பு. பதினெட்டு வருடமாக இப்படித்தான். சமீபமாகத்தான் காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது.

அவளுடைய பழைய விளக்கு ஒரு மாதமாக மங்கிக்கொண்டே வந்தது. பாட்டரி மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

நேற்று இரவு இறங்கியதும் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

கடைக்காரர் மூன்று சிறிய விளக்குகளைத் தேடி எடுத்தார். ஒன்று தலையில் கட்டுவது. ஒன்று விரலில் மாட்டுவது. ஒன்று பேனா மாதிரி. மூன்றிலும் புது பாட்டரி போட்டுக் கொடுத்தார்.

"தலையில கட்டறது எனக்கு," என்றார் டாக்டர். "முப்பது வருசமா அதை மாட்டிட்டுத்தான் அடுத்தவன் வாய்க்குள்ள எட்டிப் பாக்கறேன்."

"தலையைத் திருப்பினா என் கண்ணுல அடிக்கும் டாக்டர். போன வாரம் அடிச்சீங்க."

"ஸாரி கேப்டன்."

ரெயின்கோட் போட்டுப் பார்க்கிற சின்ன அறை பின்பக்கம் இருந்தது. மூன்று விளக்குகளையும், இரவுப் பயிற்சிக்குக் கொண்டுபோகும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பல்பை அணைத்தாள். கதவிடுக்கில் வெளிச்சம் வராமல் துப்பட்டாவைச் செருகினாள்.

இருட்டு.

கண் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

வெளியே கடைக்காரர் குரல். "மேடம் என்னங்க, உள்ள டிரெஸ்ஸா போட்டுப் பாக்கறாங்க?"

"இல்லீங்க. இருட்டைப் போட்டுப் பாக்கறாங்க."

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வரைபடத்தைச் சுவரில் வைத்து அழுத்தினாள். பேனா விளக்கின் சிவப்பை எரியவிட்டாள்.

ஓடுபாதை. தடித்த கோடு. தெரிந்தது.

ஆறு. தெரிந்தது.

ஓடுபாதைக்குத் தெற்கே புதிதாக ஒரு செல்போன் டவர் வந்திருக்கிறது. அதன் இடத்தையும் உயரத்தையும் இன்று காலையில்தான் தன் கையால் குறித்தாள்.

அது இல்லை.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். வெறும் காகிதம்.

புரிந்தது. சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கிறாள்.

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து மறைந்துபோகும். நீலம் கறுப்பாகத் தெரியும். அதனால் வரைபடத்தில் நீலம்தான். முதல் நாள் வகுப்பில் அவள் சொல்லும் முதல் விஷயம் அது. போன மாதம்கூட ஒரு பையனின் சிவப்புப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள்.

இன்று தூக்கக் கலக்கத்தில் அவளே செய்துவிட்டாள். டாக்டருக்குத் தெரிந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. என்னவோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

விரல் விளக்கை மாட்டிப் பார்த்தாள். இல்லை. தலை விளக்கு. இல்லை. அதுதான் தெரியுமே.

வெளியே போய் நீலத்தில் மறுபடி எழுதிவிடலாம். சரியான இடத்தைப் பார்த்துக்கொள்ள, பேனா விளக்கை வெள்ளைக்கு மாற்றினாள்.

கண் கூசியது. கொஞ்ச நேரம் மூடித் திறந்தாள்.

டவர் இருந்தது. நூற்றெண்பது அடி.

நீலப் பேனாவில்தான் எழுதியிருந்தாள். தடித்த எழுத்து. கீழே இரண்டு கோடு.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புக்கு மாற்றினாள். வெறும் காகிதம்.

வெள்ளை. நூற்றெண்பது.

கையை முழுதாக நீட்டி வரைபடத்தைத் தள்ளிப் பிடித்தாள். மூக்கருகே கொண்டுவந்தாள். ஒரு கண்ணை மூடினாள். மற்றதை மூடினாள்.

ஜூன் மாதம் கண் பரிசோதனையில் தேறியிருந்தாள். குழல்விளக்கு எரியும் அறை. சுவரில் பெரிய எழுத்துகள். கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தாள். கண் டாக்டர் அவளிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

விளக்கை அணைத்தாள்.

இருட்டில் நின்றாள். இந்த முறை கண் பழகுவதற்காக அல்ல.

ஏழரைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அவளைவிட்டால் விமானப் பயிற்சி கிளப்பில் இரவில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வேறு வேலையும் அவளுக்குத் தெரியாது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"கேப்டன், எதுல உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுது? அதையே ரெண்டா வாங்கிக்கலாம்."